ஊர் வழக்குக்கு ஊர்ப் பணம்: காற்றாலைக்கு எதிராக நோட்டுப் போடும் முன்

ஊரப்பாக்கத்தில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பிழைப்புக்காகச் சென்னைப் பக்கம் வந்து 15 வருடம் ஆகிறது. தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி இருக்கிறது; அண்ணன் பார்த்துக்கொள்கிறார். அங்கே காற்றாலைக்காக ஒரு நிறுவனம் நிலம் வாங்கி, கனரக வண்டி போவதற்காக ஓடையில் மண்ணைக் கொட்டிப் பாதை போட்டுவிட்டதாம். மழைத் தண்ணீர் குளத்துக்குப் போக வழியில்லை. ஊர்க்கூட்டம் கூடி, வழக்குப் போடுவதென்று முடிவு செய்து, தலைக்கட்டுக்கு 2,000 ரூபாய் வரி போட்டிருக்கிறார்கள். வெளியூரில் இருப்பவர்களுக்கு 5,000.

"கொடுக்க மனசு இருக்குதுங்க. ஆனா கோயில் நோன்பிக்கு வசூல் பண்ற மாதிரி இதுக்கும் பண்ணலாமா? கம்பெனிக்கு நிலம் கொடுத்த எங்க பங்காளி வீட்டுலயும் வரி கேட்கிறாங்க. அதான் பயமா இருக்கு" என்று முடிக்கிறார்.

கேள்வி-பதில் பக்கத்தில் நாலு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது.

பங்காளி வீட்டிலிருந்தே தொடங்குவோம். கோயில் வரி என்பது எல்லோருக்கும் பொதுவான சாமிக்கு. வழக்கு நிதி அப்படியல்ல, அதில் எதிர்த்தரப்பு உண்டு. நிலம் விற்றவர் தன் பட்டா நிலத்தைத்தான் விற்றார். அவரிடம் கட்டாய வரி கேட்பதும், தராவிட்டால் நல்லது கெட்டதுக்குச் சேர்க்கமாட்டோம் என்பதும் சட்டப்படி தப்பு. காவல் நிலையத்தில் ஒரு புகார் போனால், ஓடைக்கான வழக்கு ஓரமாகப் போய், ஊர்ப் பெரியவர்கள் மீதான வழக்குதான் முன்னால் நிற்கும். "விருப்பமுள்ளவர்கள் தரும் நன்கொடை" என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். வரி என்ற சொல்லே வேண்டாம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்து மாதிரி நடத்தலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டும். வழக்குக்குக் கொடுத்த பணம் திரும்பாது. இரண்டையும் குழப்பினால் பின்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

சொந்தப் பணத்தில் போராடிய ஊருக்கு நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் இடிந்தகரை. 2011 ஆகஸ்டில் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக லூர்து மாதா கோயில் முன்பு பந்தல் போட்டார்கள். மீனவர்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கைப் போராட்டத்துக்குக் கொடுத்தார்கள். பெண்கள் பந்தலில் உட்கார்ந்தே பீடி சுற்றினார்கள். அன்றன்றைய கூலியை விட்டுவிட முடியாதல்லவா? அப்படியிருந்தும், 2012-இல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள்தான் பின்னால் இருப்பதாகப் பேட்டி கொடுத்தார். சில தொண்டு நிறுவனங்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எந்தப் போராட்டத்துக்கும் வந்தே தீரும். பதில், எண் போட்ட ரசீதுப் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. மாசசூசெட்ஸ் கடலில் 130 காற்றாலைகள் வைக்க 2001-இல் 'கேப் விண்ட்' என்ற திட்டம் வந்தது. எதிர்த்த அமைப்புக்கு வில்லியம் கோக் என்ற பெரும் பணக்காரர் பல மில்லியன் டாலர் கொடுத்தார். பல வழக்குகளுக்குப் பிறகு 2017-இல் திட்டம் கைவிடப்பட்டது. ஜெயித்தார்கள்தான். ஆனால் கடலோரப் பங்களாக்காரர்கள் தங்கள் காட்சி கெடக்கூடாது என்று பணத்தைக் கொட்டினார்கள் என்ற பேச்சு கடைசிவரை போகவில்லை. பத்துப் பேர் லட்சம் தருவதைவிட, இருநூறு பேர் ஐந்நூறு ரூபாய் தருவதுதான் ஊர் வழக்குக்குப் பலம் என்பது என் எண்ணம்.

காற்றாலை விஷயத்தில் நமக்கு நெருங்கிய ஊர் மன்னார். 2020 டிசம்பரில் அங்கே 30 காற்றாலைகளோடு 'தம்பபவனி' திறக்கப்பட்டது. அதன் பிறகு வெள்ளம் வடிவதில்லை, மீன்பாடு குறைந்துவிட்டது என்று மக்கள் முறையிட்டார்கள். வலசைப் பறவைகள் இறங்கும் தீவு அது. அடுத்ததாக மன்னாரிலும் பூநகரியிலும் அதானி நிறுவனத்தின் 484 மெகாவாட் திட்டம் வந்தபோது, சுற்றுச்சூழல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் 2024-இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது. முழுக்க வழக்கால் மட்டும் என்று சொல்ல முடியாது; புதிய அரசு மின் விலையைக் குறைக்கப் பேசியதும் ஒரு காரணம். அதோடு முடிந்ததா என்றால், இல்லை. அதே ஆகஸ்டில் வேறு நிறுவனங்களின் காற்றாலைப் பாகங்கள் தீவுக்குள் வர, மக்கள் மறுபடி வீதியில் உட்கார்ந்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். செப்டம்பர் கடைசியில் போலீஸ் பாதுகாப்போடு வண்டிகள் நுழைந்தன, தடியடி நடந்தது, கடையடைப்பு நடந்தது. ஒரு வழக்குக்கு மட்டும் கணக்குப் போட்டு வசூலித்து, முதல் வருடத்திலேயே செலவழித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நம் ஊரில் சட்டம் எப்படி? காற்றாலைக்கு 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை. ஆகவே அனுமதியை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட வழியில்லை. காற்றாலையே கூடாது என்று வாதாடுவதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆடிக் காற்றில் நம் மாநிலத்துக்கு வரும் மின்சாரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வைக்கும் இடத்தைக் கேட்கலாம். மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல்படி குடியிருப்புக்கு 500 மீட்டருக்குள் காற்றாலை கூடாது. பொதுச் சாலை, கட்டடங்களிலிருந்தும் குறிப்பிட்ட தூரம் விட வேண்டும். உங்கள் வழக்கின் உயிர் ஓடைதான். கிராம வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு இருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் முதலில் பாருங்கள். அதற்கு 5,000 ரூபாய் தேவையில்லை. தகவல் உரிமைச் சட்ட மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா நீதிமன்றத்திலேயே அதற்கான குழு இருக்கிறது. ஊரில் ஒரு பெண் விவசாயி மனுதாரராக இருந்தால் வக்கீல் செலவிலேயே பெரும்பகுதி மிச்சம்.

அவசரம் பணத்தில் இல்லை, நாளில்தான். பிரச்சினை முதலில் தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயம் போக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் தருவார்கள், அவ்வளவுதான். ஓடையில் முதல் லோடு மண் விழுந்த தேதி எது என்று இன்றே அண்ணனிடம் கேட்டு எழுதி வையுங்கள். அன்றைக்கு யாராவது செல்போனில் படம் எடுத்திருந்தால் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பணத்தை ஊர்த் தலைவர் வீட்டுப் பீரோவில் வைப்பது வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். ஏழு பேர் சேர்ந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கம் பதியலாம். அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் எனக்குத் திருப்தி. மகளிர் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை வரவு செலவைப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வழக்கு முடிந்து மீதி இருந்தால் என்ன செய்வது என்பதையும் வசூலுக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். சண்டை பெரும்பாலும் மீதிப் பணத்தில்தான் வரும்.

துபாயில் இருக்கும் உங்கள் மச்சான் தருவதாகச் சொன்னதையும் கேட்டிருக்கிறீர்கள். அவரிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் யாராவது இருந்தால், அவர்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம்.

கடைசியாக உங்கள் 5,000 ரூபாய். கொடுங்கள், ரசீது வாங்கிக்கொண்டு. ஆனால் அதைவிடப் பெரிய உதவி உங்கள் கையில் இருக்கிறது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் ஏகனாபுரம் மக்கள் 2022 ஜூலையிலிருந்து வயல் வேலை முடிந்த பிறகு மாலையில்தான் கூடினார்கள், கூலி போகக் கூடாது என்பதற்காக. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் வாய்தாவுக்குச் சென்னை வந்து போனால் இரண்டு நாள் கூலியும் பஸ் செலவும் சாப்பாடும் போகும். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருப்பது சேப்பாக்கம் கலச மஹாலில். ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் பூங்கா நிலையம், அங்கிருந்து சேப்பாக்கம். வக்கீலைப் பார்ப்பது, நகல் வாங்குவது, வாய்தா தேதியை ஊருக்குச் சொல்வது, மறுபடி வருகிறவர்களுக்கு ஒரு ராத்திரி தங்க இடம் கொடுப்பது, இதையெல்லாம் நீங்கள் ஏற்றுக்கொள்வதாக அண்ணனிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.