கம்பி யாருடையது?

1997 வாக்கில் அமெரிக்காவில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இணையம் வேண்டுமென்றால் யாரும் வந்து சுவரில் துளை போட வேண்டியதில்லை. தொலைபேசி ஏற்கெனவே வீட்டில் இருக்கும். ஒரு மோடம் வாங்கிக் கணிப்பொறியோடு இணைத்து, இணையச் சேவை விற்கிற யாரோ ஒருவரின் எண்ணுக்கு உள்ளூர் அழைப்புப் போட்டால் போதும். விற்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஏஓஎல், எர்த்லிங்க் போன்ற பெரிய நிறுவனங்கள் ஒருபுறம். மறுபுறம், சிற்றூர்களில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, மோடம்களை அடுக்கிவைத்து, சில நூறு வாடிக்கையாளர்களோடு தொழில் நடத்திய உள்ளூர்க்காரர்கள். 1996 டிசம்பரில் ஏஓஎல், மாதம் 19.95 டாலருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூட்டம் தாங்கவில்லை. அதன் எண்கள் வாரக்கணக்கில் எங்கேஜ்டாகவே இருந்தன. பொறுமை இழந்தவர்கள் அதே மோடத்தை வைத்துக்கொண்டு வேறு நிறுவனத்தின் எண்ணுக்கு மாறினார்கள். மாறுவது அவ்வளவு எளிது.

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் நிலைமை வேறு. பிரிட்டனிலும் பிரான்சிலும் உள்ளூர் அழைப்புக்கும் நிமிடக் கணக்கு உண்டு. இணையத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் தொலைபேசி பில்லில் ஏறும். இந்தியாவிலோ 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட அரசு நிறுவனமான விஎஸ்என்எல், 1998 வரை ஒரே விற்பனையாளராக இருந்தது. அமெரிக்காவில் மாணவர்களாக இருந்த தமிழர்கள் இரவெல்லாம் இணையத்தில் தமிழ் எழுத்துருக்களைப் பரிமாறிக்கொள்ளவும், மடற்குழுக்களில் வாதிடவும் முடிந்ததற்கு அந்த ஊரின் மலிவான இணைப்பும் ஒரு காரணம்.

இன்று அந்தப் படம் தலைகீழாகிவிட்டது. 2020-இல் நியூ அமெரிக்கா என்ற ஆய்வு நிறுவனம் பல நாட்டு நகரங்களின் வீட்டு இணையக் கட்டணங்களை ஒப்பிட்டது. அமெரிக்காவில் சராசரி மாதக் கட்டணம் சுமார் 68 டாலர். ஐரோப்பாவில் சுமார் 45. பல அமெரிக்க வீடுகளுக்கு நல்ல வேகத்தில் இணைப்புத் தரக்கூடியது ஒரு கேபிள் நிறுவனம். அதிர்ஷ்டமிருந்தால் கூடவே இன்னொன்று. நகரங்களில் தரவிறக்க வேகம் இன்று குறைவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கேபிள் இணைப்பில் பதிவேற்ற வேகம் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். முதல் ஆண்டுச் சலுகை முடிந்ததும் பில் ஏறும். ஊர்ப்புறங்களில் பழைய தாமிரக் கம்பியை நம்பி இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. இணையத்தையே உருவாக்கிய நாடு அது.

பரந்த நிலப்பரப்பு, தள்ளித் தள்ளி அமைந்த வீடுகள் என்று வழக்கமாக ஒரு விளக்கம் தருவார்கள். மொன்டானாவின் பண்ணை வீட்டுக்கு அது பொருந்தும். நெருக்கியடித்து மக்கள் வாழும் கிழக்குக் கரை நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே ஒரு நிறுவனம்தான் இணைப்புத் தரும் என்பதற்கு நிலப்பரப்பா காரணம்? காரணம் சட்டத்தில் இருக்கிறது. எந்த ஆண்டு, எந்த ஆணை என்று சுட்டிக்காட்டுமளவுக்குத் தெளிவாகவே இருக்கிறது.

டயல்-அப் காலத்தில் கம்பி ஒருவருடையது, அதன்மேல் ஓடும் சேவை இன்னொருவருடையது. எஃப்.சி.சி. எனப்படும் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம், 1980-இலேயே ஒரு கோட்டைப் போட்டிருந்தது. தொலைபேசி நிறுவனம் தன் கம்பியை வைத்துத் தரவுச் சேவை நடத்தினால், அதே கம்பியைப் போட்டியாளர்களுக்கும் அதே நிபந்தனையில் தரவேண்டும். அந்த நிறுவனத்துக்கு இணையத்தைப் பிடிக்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. யார் கேட்டாலும் வழிவிட வேண்டியது அதன் கடமை. 1996-இல் கிளின்டன் கையெழுத்திட்ட தொலைத்தொடர்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை செல்லும் தாமிரக் கம்பியையே புதிய நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கலாம் என்றது. கோவாட், நார்த்பாயின்ட், ரிதம்ஸ் என்று புதியவர்கள், தொலைபேசிக் கம்பி வழி வரும் விரைவு இணையமான டிஎஸ்எல்லை விற்கக் கிளம்பினார்கள். கம்பிக்காரர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள், வழக்குகள் நீண்டன, பங்குச் சந்தைக் குமிழி உடைந்தபின் 2001-இல் மூன்றுமே திவாலாகின. கோவாட் மட்டும் பிறகு மீண்டு வந்தது.

அதைவிடப் பெரிய அடி 2002 மார்ச்சில் விழுந்தது. கேபிள் வழி இணையத்தைத் தொலைத்தொடர்புச் சேவையாகக் கருதக்கூடாது, அது தகவல் சேவை மட்டுமே என்று ஆணையம் அறிவித்தது. கேட்பதற்கு ஏதோ அகராதிச் சண்டை போலிருக்கும். விளைவோ நடைமுறையில் மிகப் பெரியது: தொலைத்தொடர்புச் சேவையென்றால் கம்பியைப் பிறருக்குத் திறந்துவிட வேண்டும், தகவல் சேவையென்றால் வேண்டாம். கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் இயங்கிய பிராண்ட் எக்ஸ் என்ற சிறிய நிறுவனம் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றத்தில் வென்றது. 2005 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த வெற்றி பறிபோயிற்று. ஆணையம் அப்படிப் பொருள் கொள்வதற்கு இடமிருக்கிறது என்றது பெரும்பான்மை.

மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் பழமைவாதி என்று பெயரெடுத்த நீதிபதி அன்டோனின் ஸ்காலியா. பீட்சா கடைக்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார். ஆனால் நான் பீட்சா மட்டும்தான் விற்கிறேன், வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் சேவையை நான் வழங்கவே இல்லை என்று அவர் சொன்னால் யார் ஏற்பார்கள் என்ற பொருள்படக் கேட்டார் ஸ்காலியா. என்னைக் கேட்டால் அந்த வழக்கில் சரியான பக்கம் அதுதான். அவரோடு நின்றவர்களில் தாராளவாதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க்கும் ஒருவர். இது கட்சிச் சண்டை அல்ல என்பதற்கு அதுவே போதும்.

தீர்ப்பு வந்த சில வாரங்களில், அதே சலுகை தொலைபேசி நிறுவனங்களின் டிஎஸ்எல்லுக்கும் கிடைத்தது. புதிதாகப் போடும் ஃபைபரைப் பகிர வேண்டியதில்லை என்று 2003-லேயே விலக்கு தந்தாகிவிட்டது. பகிரச் சொன்னால் யாரும் முதலீடு செய்யமாட்டார்கள் என்பது நிறுவனங்களின் வாதம். அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். தொலைபேசி நிறுவனமான வெரைசன் தன் பகுதிகளில் உண்மையாகவே வீடுவரை ஃபைபர் போட்டது. ஆனால் 2010 வாக்கில் புதிய ஊர்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டது. கேபிள் நிறுவனங்களோ தொண்ணூறுகளின் பிற்பகுதியிலேயே தங்களுக்குள் ஊர்களை மாற்றிக்கொண்டு, ஆளுக்கொரு வட்டாரமாக ஒதுங்கியிருந்தன. அங்கே போட்டி தோற்கவில்லை. போட்டிக்கு ஆளே வரவில்லை.

இதே காலத்தில் பிரான்ஸ் எதிர்த் திசையில் நடந்தது. அங்கே பழைய அரசு நிறுவனமான பிரான்ஸ் டெலிகாமின் தாமிரக் கம்பிகளைப் போட்டியாளர்களுக்கு ஒழுங்காக வாடகைக்கு விடும்படி ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயப்படுத்தியது. 2002-இல் ஃப்ரீ என்ற நிறுவனம் மாதம் 29.99 யூரோவுக்கு டிஎஸ்எல் தந்தது. பிறகு விலையை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டிற்று. தொலைபேசி, தொலைக்காட்சி இரண்டையும் அதே விலைக்குள் சேர்த்தது. மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். ஃபைபர் காலம் வந்ததும், 2008 முதல் தரைக்கடியில் கிடக்கும் கேபிள் குழாய்களைப் போட்டியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒருமுறை தோண்டிய தெருவை ஒவ்வொரு நிறுவனமும் மறுபடி தோண்ட வேண்டியதில்லை. நிமிடக் கணக்கில் காசு எண்ணிய நாடு மலிவு இணைய நாடானது இப்படித்தான். ஜப்பானிலும் இதே கதை: 2001-இல் யாஹூ பிபி வாடகைக் கம்பிகளின் மேல் சுமார் 3,000 யென்னுக்கு 8 மெகாபிட் வேகம் தந்தபோது, அமெரிக்க டிஎஸ்எல் பல இடங்களில் ஒரு மெகாபிட்டைச் சுற்றியே நின்றிருந்தது.

அமெரிக்காவுக்குள்ளேயே வேறு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரத்தில், நகரத்துக்குச் சொந்தமான மின்சார நிறுவனம் இபிபி 2010-இல் தன் பகுதியின் எல்லா வீடுகளுக்கும் ஒரு கிகாபிட் வேகம் தரத் தொடங்கியது. நாட்டிலேயே அவ்வளவு பரவலாக அதைச் செய்தது அதுதான் முதல். கேபிள் தரப்பினர் வழக்குப் போட்டுத் தடுக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. ஆனால் தன் மின் எல்லையைத் தாண்டிப் போகக்கூடாது என்று மாநிலச் சட்டம் தடுத்தது. எல்லைக்குச் சற்றுத் தள்ளியிருந்த குடும்பங்கள் தங்களுக்கும் இணைப்புக் கேட்டன. 2015-இல் எஃப்.சி.சி. அந்தத் தடையை நீக்கியது; மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை உறுதிசெய்துவிட்டது. பக்கத்து ஊருக்கு நல்லது செய்ய முன்வரும் ஒரு பொது நிறுவனத்தைச் சட்டம் போட்டுத் தடுப்பதை என்னால் எந்த நியாயத்திலும் அடக்க முடியவில்லை.

கொரோனா வந்த 2020 ஜூலையில், சட்டனூகாவில் ஏழைக் குடும்பத்து மாணவர்கள் சுமார் 28,000 பேருக்குப் பத்தாண்டுகள் இலவச இணைப்புத் தருவதாக அந்த மின்சார நிறுவனமும் பள்ளித் துறையும் சேர்ந்து அறிவித்தன. அடுத்த மாதம் கலிஃபோர்னியாவின் சலீனாஸ் நகரத்திலிருந்து ஒரு புகைப்படம் நாடெங்கும் பரவியது. ஒரு துரித உணவகத்தின் வாசலில், அதன் வைஃபையைப் பிடித்துப் பள்ளிப்பாடம் செய்வதற்காக இரண்டு சிறுமிகள் நடைபாதையில் மடிக்கணினிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கு அங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவுக்குள்தான். பிறகு மத்திய அரசு, 2021 இறுதியில் ஏழை வீடுகளுக்கு மாதம் 30 டாலர் மானியம் கொடுத்தது. சுமார் 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் சேர்ந்தன. பணம் தீர்ந்து 2024 ஜூன் 1 அன்று திட்டம் நின்றது. விலையைத் தொடாமல் விலைக்கு மானியம் கொடுத்தால் அதற்கு ஆயுள் அவ்வளவுதான்.

விடுமுறைக்குச் சென்னை வரும் அமெரிக்கத் தமிழர்கள், மாதம் சில நூறு ரூபாய்க்கு இங்கே ஃபைபர் கிடைப்பதைப் பார்த்து வியப்பதுண்டு. தெருவுக்குத் தெரு கேபிள்காரர்கள் கம்பி இழுத்ததும், அவர்களோடு பெரிய நிறுவனங்கள் மோத வேண்டியிருந்ததும் அதற்குப் பெரிய காரணம். இங்கும் அந்த எண்ணிக்கை சுருங்கிக்கொண்டு வருகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் வாக்குரிமை பெற்ற தமிழர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொலராடோவின் லாங்மான்ட் நகரத்தில், நகராட்சியே இணையம் தருவதா என்ற வாக்கெடுப்பு 2009-இல் தோற்றது. கேபிள் தரப்பு பணத்தைக் கொட்டிப் பிரச்சாரம் செய்திருந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. 2011-இல் மறுபடி வாக்கெடுப்பு வைத்து வென்றார்கள். 2014-இல் நகராட்சியின் கிகாபிட் இணைப்பு தொடக்க வாடிக்கையாளர்களுக்கு மாதம் 49.95 டாலருக்கு வந்தது. நகராட்சிகளின் கையைக் கட்டிய அந்த மாநிலச் சட்டமும் 2023-இல் நீக்கப்பட்டது. உங்கள் ஊர் மன்றத்தில் ஃபைபர் பற்றிய பேச்சு வரும் நாளில், அலுப்பூட்டும் தீர்மானம் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். போய் உட்காருங்கள், கேள்வி கேளுங்கள், வாக்களியுங்கள்.