கலாநிதிப் பட்டமும் மருத்துவக் கல்லூரி நேர்முகப் பரீட்சையும்

நம் நாட்டு அரச பல்கலைக்கழகங்களில் மருத்துவபீட அனுமதி, க. பொ. த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளையும் மாவட்டப் பங்கீட்டையும் கொண்டு தீர்மானிக்கப்படுகின்றது. மாணவனை நேரில் இருத்தி, “நீர் ஏன் வைத்தியராக விரும்புகின்றீர்?” என எவரும் வினவுவதில்லை. பிரித்தானியாவிலோ அவ்வினாவுக்கு விடையிறுக்காது மருத்துவக் கல்லூரியின் வாயிலைக் கடத்தல் பெரும்பாலும் இயலாது. அங்கு 2000ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ற் ஜோர்ஜ் கல்லூரி முதலியவற்றில் பட்டதாரிகளுக்கெனத் தனியானதொரு நான்காண்டுப் பாடநெறி தொடங்கப்பெற்றது. இன்று வாரிக், சுவான்சிப் பல்கலைக்கழகங்களில் அத்தகைய பாடநெறிக்கு எப்பாடத்திற் பட்டம் பெற்றோரும் விண்ணப்பிக்கலாம். அவ்வாறு விண்ணப்பிப்போருள் ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெற்றோரும் உளர். கற்றறிந்த இவர்கள் நேர்முகப் பரீட்சையில் எளிதில் வெல்வர் எனப் பலரும் எண்ணுவர். உண்மை அவ்வளவு எளிதன்று.

இவர்கள் பந்தயமாக வைப்பது சிறிதன்று. இருபத்திரண்டு வயதில் முதற்பட்டம் பெற்று, இருபத்தாறில் அல்லது இருபத்தேழில் ஆராய்ச்சியை முடித்த ஒருவர் மேலும் நான்காண்டு கற்றல் வேண்டும். அதன்பின் இரண்டாண்டு அடிப்படைப் பயிற்சி. உடன் கற்றோர் விரிவுரையாளராய் அமர்ந்துவிட, இவர் முப்பதைத் தாண்டியும் மாணவராகவோ பயிற்சியாளராகவோ இருப்பார். இத்தனைக்கும் துணிந்த ஒருவரது எதிர்காலம் ஒரு முற்பகலில் நிகழும் சில உரையாடல்களைச் சார்ந்து நிற்கின்றது.

கலாநிதிப் பட்டத்துக்கும் வாய்மொழிப் பரீட்சை உண்டு. ஆயின் அது வேறு, இது வேறு. ஆங்கே ஆய்வாளர் தம் முடிபைக் காத்து நிற்றல் வேண்டும். பரீட்சகர் தொடுக்கும் தடைகளுக்குச் சான்று காட்டி விடையளித்தல் வேண்டும். பல ஆண்டுகள் இதற்கெனவே பழகிய மனம் எவ்வினாவையும் தாக்குதலாகவே கொள்ளும். மருத்துவக் கல்லூரியின் பரீட்சகரோ முடிபை நாடுவதிலர். எதிரிலிருப்பவர் பிறர் கூறுவதைச் செவிமடுப்பாரா, புதிய செய்தி கிடைத்தவிடத்துத் தம் கருத்தை மாற்றிக்கொள்வாரா என்பதையே நோக்குகின்றனர். ஆதலின் ஆயத்தத்தின் முதற்படி புதிதாக ஒன்றைக் கற்பதன்று. பழகிய ஒன்றை அடக்கிக்கொள்வதாகும்.

இன்று பல கல்லூரிகள் கையாளும் முறை ‘பல்நிலைக் குறுநேர்முகம்’ எனத்தக்கது. இதனைக் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தார் வகுத்து, 2004இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். ஒரே குழுவினர் நெடுநேரம் உரையாடி மதிப்பிடுங்கால், முதற்பார்வையில் எழும் விருப்பு வெறுப்புகள் மதிப்பெண்ணைச் சாய்த்துவிடக்கூடும். ஒரு சூழலில் திறம்படப் பேசுபவர் மற்றொரு சூழலில் தடுமாறுதலும் உண்டு. எனவே விண்ணப்பதாரி பத்து நிலையங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பரீட்சகர் முன் எட்டு நிமிடம் நிற்குமாறு அமைத்தனர். நிலையங்களின் தொகையும் நேரமும் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். 1975இல் டண்டீ நகரில் றொனால்ட் ஹாடன் முதலியோர் அறிமுகஞ் செய்த மருத்துவச் செய்முறைப் பரீட்சையே இதற்கு முன்னோடி.

ஒரு நிலையத்தில் நடிகர் ஒருத்தி அமர்ந்திருக்கக்கூடும். தந்தையின் பரிசோதனை முடிவு ஒரு வாரமாகியும் வரவில்லையென அவள் சினந்து பேசுகின்றாள் என்க. ஆய்வுகூடத்தில் வளர்ந்தவர் உடனே பரிசோதனை ஏன் தாமதிக்கும் என்பதை விளக்கத் தலைப்படுவார். அவர் சொல்வதனைத்தும் சரியாயிருக்கும். அவளுக்கோ அதனால் ஒரு பயனுமில்லை. அவள் அஞ்சியிருக்கின்றாள் என்பதை உணர்ந்து, அவ்வச்சத்தை அவளே கூறுமளவும் பொறுத்திருந்து, பின்னர் தம்மாற் செய்யக்கூடியதை மாத்திரம் சொல்லுதலே வேண்டப்படுவது. இது நூல் படித்து வருவதன்று. முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ சில மாதம் பணிபுரிந்து, ஒரு கிழவருக்கு உணவூட்டியவர் இதை அறிவர்.

தம் ஆராய்ச்சியை எடுத்துரைத்தலும் இத்தகையதே. மருந்துக்கு அடங்காத நோய்க்கிருமிகளை ஆராய்ந்த ஒருவர் தம் ஆய்வேட்டின் தலைப்பைச் சொன்னால் பரீட்சகருள் பாதிப்பேர் விளங்கார். அவருட் பொதுமக்களும் இருத்தல் கூடும். “சில கிருமிகளின் சுவரில் கிணற்று நீரிறைக்கும் பம்பு போன்றதோர் அமைப்பு உண்டு, உள்ளே புகும் மருந்தை அது வெளியே இறைத்துவிடும், அதை நிறுத்த வழி தேடினேன், முதல் வழி பயன்படவில்லை” என்றால் எவருக்கும் புலப்படும். அக்கடைசி வாக்கியத்தை மறைக்க வேண்டுவதில்லை. தோல்வியை நேரே கூறும் பழக்கமே ஆராய்ச்சி தந்த செல்வங்களுள் தலையாயது எனலாம்.

எல்லாவற்றினும் கடினமானது, “ஆராய்ச்சியை ஏன் விடுகின்றீர்?” என்னும் வினா. இதன் உள்ளே ஓர் ஐயம் மறைந்துள்ளது: இவர் மருத்துவத்தை நாடி வருகின்றாரா, ஆய்வுகூடத்தை விட்டு ஓடி வருகின்றாரா? இவ்வையம் புதியதன்று. தத்துவத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, ஸ்திராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்த அல்பேட் சுவைற்சர், 1905இல் தமது முப்பதாவது வயதில் மருத்துவ மாணவராக விரும்பி அப்பீடத் தலைவரை அணுகியபோது, இவரை மனநோய் வைத்தியரிடம் அனுப்பலாமா என்றே அவர் எண்ணினாராம். ஆபிரிக்காவில் வைத்தியம் செய்தல் வேண்டும் என்னும் தெளிவான நோக்கம் சுவைற்சரிடம் இருந்தது. 1913இல் லம்பரீனேக்குச் சென்றார். அத்தகைய பெருநோக்கு எல்லார்க்கும் வாய்ப்பதன்று; அதைப் போலியாகப் புனைவோரைப் பரீட்சகர் எளிதிற் கண்டுகொள்வர். ஆய்வுகூடத்தில் நோயை மாத்திரம் கண்டதாகவும், நோயாளியைக் காண விழைவதாகவும் கூறி, அவ்விழைவு எங்கே எவ்வாறு பிறந்தது என்பதை ஓர் உண்மை நிகழ்ச்சியால் காட்டினால் அமையும். ஆராய்ச்சியை இகழ்ந்து பேசுவதோ பெருந்தவறு. நேற்றைய தொழிலை இகழ்பவர் நாளை மருத்துவத்தையும் இகழார் என்பதற்கு உறுதி யாது?

ஒழுக்கவியல் வினாக்களுக்கு, பீச்சம், சில்றெஸ் என்னும் இருவர் 1979இல் வெளியிட்ட நூலில் வகுத்த நான்கு நெறிகளைப் பலரும் மனனம் செய்து செல்வர்: நோயாளியின் சுயவிருப்பு, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. இவற்றின் பெயரைச் சொல்லுதல் எளிது. ஒன்றோடொன்று முரணுமிடத்து எதற்கு முதன்மை தருவர், ஏன் என்பதே வினா. உடன் ஆய்வோர் ஒருவர் தரவைத் திருத்தியதைக் கண்டால் யாது செய்வது என்பதை எண்ணிப் பார்த்த ஆய்வாளருக்கு இது முற்றிலும் அந்நியமன்று.

இறுதியாக, “இம்முறை இடம் கிடையாவிடின்?” என்று கேட்பதும் உண்டு. கட்டுரைகள் சஞ்சிகைகளிலிருந்து திரும்பி வந்து, குறை களைந்து மீண்டும் அனுப்பிய அனுபவம் ஆய்வாளர் பெரும்பாலோர்க்கு உண்டு. எக்குறையைக் களைந்து, எப்பணியைச் செய்துகொண்டு அடுத்த ஆண்டு வருவர் என்பதை அவர் முன்னரே தீர்மானித்துச் செல்லுதல் நன்று. இடம் கிடையாத ஆண்டில் செய்யவேண்டிய வேலைகளும் அவைதாமே.