97 ரன்: தாத்தா வாயைத் திறக்க ஒரே வழி!

பாட்டி போன பிறகு சாப்பாடு, மாத்திரை தவிர வேறு பேச்சே இல்லாத பெரியவர்கள் எத்தனை வீட்டில்! சேப்பாக்கத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கொட்டுவார்!

1975 பொங்கல் டெஸ்ட். வெஸ்ட் இண்டீசின் ஆன்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட்டைச் சாய்த்தார். மற்றவர்கள் வந்த வேகத்தில் திரும்ப, குள்ளமான விஸ்வநாத் மட்டும் அசையாமல் நின்றார். இந்தியா 190. அதில் அவர் 97 நாட் அவுட்!

"செஞ்சுரி போடலையா தாத்தா?" செல்போனிலிருந்து தலை தூக்குவான் பேரன்.

"எப்படிடா போடுறது? எதிர்ல சந்திரசேகர். பந்தைக் கொடுத்தா மாயம் பண்ணுவார். பேட்டைக் கொடுத்தா..."

கடைசி ஆளாக அவர் அவுட். அந்த மூன்று ரன்னுக்காக 50 வருஷமாகப் பெரியவர் பொருமுகிறார். டெஸ்டில் இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது இரண்டாம் பட்சம்!

நடுவில் அப்பா புகுந்து 1999-ஐக் கிளறுவார். டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 அடித்தும் 12 ரன்னில் தோல்வி. ஆனாலும் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கை தட்டியது.

"ஜெயிச்சவங்களுக்கா தட்டினீங்க?" பையனுக்கு நம்பிக்கையே வராது. மஞ்சள் சட்டைப் பிள்ளை அல்லவா!

அவன் பங்குக்கு டோனி சிக்சரைச் சொல்லுவான். அப்போது மட்டும், "அதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்று பெரியவர் ஆரம்பிக்கக் கூடாது. பையன் எழுந்து போய்விடுவான்.