இயந்திரம் புள்ளி போடும், அலுவலகம் பதில் சொல்ல வேண்டும்

பிரான்சில் அரசு உதவித்தொகை பெறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதந்தோறும் ஓர் எண் கணிக்கப்படுகிறது. 0க்கும் 1க்கும் இடைப்பட்ட அந்த எண்ணைக் கணிப்பது காஃப் எனப்படும் குடும்பநல உதவித்தொகை நிதியத்தின் அல்காரிதம். எண் 1ஐ நெருங்க நெருங்க, அந்தக் குடும்பத்துக்குத் தவறான தொகை போயிருக்கலாம் என்ற ஐயம் கூடுகிறது. விசாரணைப் பட்டியலில் அதன் பெயர் மேலே ஏறுகிறது. 2010ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த இந்த முறைக்குள் சிறுவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் பேர் அடங்குகிறார்கள். தம் பெயரில் இப்படி ஓர் எண் இருப்பதே அவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாது.

இணைய உரிமைகளுக்காகப் போராடும் லா குவாத்ராத்தூர் து நெத் என்ற அமைப்பு, இந்த அல்காரிதத்தின் பழைய இரு வடிவங்களின் நிரலைப் பெற்று 2023 நவம்பரில் வெளியிட்டது. நடப்பிலிருந்த வடிவத்தை வெளியிட்டால் மோசடிக்காரர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று கூறி நிதியம் அப்போது மறுத்துவிட்டது. பழைய நிரலே போதுமான அளவு பேசியது. குறைந்த வருமானம், வேலையின்மை, எர்எஸ்ஆ என்ற அடிப்படை வருமான உதவி பெறுவது, பின்தங்கிய குடியிருப்புப் பகுதியில் வாழ்வது, வருமானத்தின் பெரும்பகுதி வாடகைக்கே போவது, நிலையான வேலை இல்லாதது ஆகிய ஒவ்வொன்றும் ஐயத்தின் எண்ணைக் கூட்டின. யாருக்கு உதவி மிகவும் தேவையோ அவர்களையே இயந்திரம் முதலில் சந்தேகித்தது. 2024 அக்டோபரில் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் பிரான்ஸ் உள்ளிட்ட 15 அமைப்புகள், உச்ச நிர்வாக நீதிமன்றமான கொன்செய் தெத்தாவில் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன.

பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய தமிழர் பகுதியான லாச்சப்பலுக்கு இந்த அளவுகோல்களின் பட்டியல் அந்நியமானதல்ல. ஃபோபூர் சன் துனி தெரு, காய் தெரு, பெர்தொனே தெரு ஆகியவற்றின் கடைகளிலும், நகரெங்கும் உள்ள உணவகச் சமையலறைகளிலும் உழைக்கும் பலருக்கு வேலை மணி மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே சம்பளமும் மாறும். வாடகை வருமானத்தை விழுங்கும். புதிதாக வந்தவர் உறவினர் வீட்டு முகவரியில் சில காலம் இருந்துவிட்டு இன்னொரு முகவரிக்குப் போவார். இவற்றில் ஒன்றுகூடக் குற்றம் இல்லை. ஆனால் பழைய கோப்புகளைப் பார்த்துக் கற்ற கணிப்பு முறைக்கு, ஏழையின் ஒழுங்கற்ற வாழ்க்கைக்கும் ஏமாற்றுபவரின் தடுமாற்றத்துக்கும் வேறுபாடு எளிதில் தெரிவதில்லை.

பெயர் இன்னொரு சிக்கல். ஈழத்தமிழரின் ஆவணங்களில் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் வரும் வரிசை பிரெஞ்சு நிர்வாகத்துக்குப் பழக்கமில்லாதது. இலங்கைக் கடவுச்சீட்டில் ஓர் எழுத்துக்கூட்டு, அகதிகள் அலுவலகமான ஓஃப்ப்ரா தரும் பிறப்புச் சான்றில் இன்னொன்று, வதிவிட அட்டையில் மூன்றாவது என்று அமைந்துவிட்டால், தரவுத்தளங்களை ஒப்பிடும் மென்பொருள் ஒருவரையே இருவராக எண்ணக்கூடும். எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டு இருக்கும்படி திருத்திக்கொள்வது அலைச்சல்தான். ஆனாலும் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

2025 மார்ச் 1 முதல் எர்எஸ்ஆ, உழைப்பு ஊக்கத்தொகை ஆகியவற்றுக்கான மூன்று மாத வருமான அறிக்கை, முதலாளிகள் அனுப்பும் தரவுகளைக் கொண்டு முன்கூட்டியே நிரப்பப்பட்டு வருகிறது. இதனால் எழுத்துப்பிழை குறையும், வேலையும் குறையும். ஆனால் முதலாளி அனுப்பிய தொகையே தவறாக இருந்தால், அதைப் பார்த்துத் திருத்தும் பொறுப்பு உதவி பெறுபவரின் தலையில் விழுகிறது. 2023 ஜூலை முதல் சம்பளச் சீட்டில் ‘மொந்தான் நெத் சொசியால்’ என்று ஒரு வரி அச்சாகிறது. அறிக்கையில் காணும் தொகையை அந்த வரியோடு ஒப்பிட்ட பிறகே ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். சம்பளச் சீட்டுகளை ஆண்டுக் கணக்கில் பத்திரப்படுத்துவதும் இதன் ஒரு பகுதியே.

நிதியத்தின் வாதத்தையும் சொல்லியாக வேண்டும். எண் உதவியை நிறுத்துவதில்லை. அது யாரை ஆராய வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. முடிவை மனிதரே எடுக்கிறார் என்பது அதன் நிலைப்பாடு. உண்மைதான். ஆனால் ஒரே பகுதி மக்களை மீண்டும் மீண்டும் ஆராய்ந்தால் அவர்களிடமே பிழைகள் மீண்டும் மீண்டும் அகப்படும். அந்தப் பிழைகளே அடுத்த கணிப்புக்குப் பாடமாகும். விசாரணை என்பதும் சிறு விஷயமல்ல. வங்கிக் கணக்கு விவரங்கள் கோரப்படும், வீட்டுக்கு அதிகாரி வருவார், பல மாதங்களின் தொகையைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரலாம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை நெதர்லாந்து காட்டியது. அங்கே குழந்தைப் பராமரிப்பு உதவி பெற்ற பல்லாயிரம் பெற்றோர் தவறாக மோசடிக்காரர்களாகக் கருதப்பட்டு, பெருந்தொகைகளைத் திருப்பிக் கட்டும்படி நெருக்கப்பட்டார்கள். வரித்துறையின் ஆபத்துக் கணிப்பில் விண்ணப்பதாரரின் குடியுரிமையும் ஓர் அளவுகோலாக இருந்தது. குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருத்தேயின் அரசு முழுவதும் பதவி விலகியது. பதவி விலகலுக்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் எத்தனையோ ஆண்டுகள் தனித்தனியே அலைந்தார்கள். ‘கணினி சொல்கிறது’ என்ற பதிலுக்கு மேல் அவர்களில் பலருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

பிரான்சின் சட்டம் அந்தப் பதிலை ஏற்பதில்லை. 1974இல், குடிமக்களின் அரசுப் பதிவுகளை எல்லாம் ஒரே எண்ணின் கீழ் இணைக்கும் ‘சஃபாரி’ என்ற அரசுத் திட்டத்தை லெ மோந்த் நாளிதழ் அம்பலப்படுத்தியது. எழுந்த எதிர்ப்பின் விளைவே 1978 ஜனவரி 6ஆம் தேதிச் சட்டமும், க்னில் எனப்படும் தரவுப் பாதுகாப்பு ஆணையமும். 2016 அக்டோபர் 7ஆம் தேதிச் சட்டப்படி, ஒருவரைப் பற்றிய நிர்வாக முடிவு அல்காரிதத்தின் அடிப்படையில் எடுக்கப்பட்டால், அதைக் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும். சம்பந்தப்பட்டவர் கேட்டால், முடிவில் அல்காரிதத்தின் பங்கு எவ்வளவு, எந்தத் தரவுகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன, எந்த அளவுகோலுக்கு எவ்வளவு எடை என்பதை அவருக்கு விளங்கும் வகையில் சொல்ல வேண்டும். முழுவதும் இயந்திரமே எடுத்த முடிவில் இந்தக் குறிப்பு இல்லையென்றால், 2020 ஜூலை 1 முதல் அந்த முடிவு செல்லாது. அரசியலமைப்பு மன்றம் 2018 ஜூன் 12 தீர்ப்பில் இன்னும் ஓர் எல்லை வகுத்தது: தானாகவே தன் விதிகளை மாற்றிக்கொள்ளும் அல்காரிதத்தை, அதை இயக்கும் அலுவலகத்தாலேயே விளக்க முடியாதபோது, முடிவின் ஒரே அடிப்படையாகக் கொள்ளக் கூடாது.

ஐரோப்பியச் சட்டமும் இதே திசையில் நிற்கிறது. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 22ஆவது பிரிவு, வாழ்க்கையைப் பெரிதும் பாதிக்கும் முடிவை இயந்திரம் மட்டும் எடுப்பதைச் சில விதிவிலக்குகளோடு தடுக்கிறது. ‘கையெழுத்துப் போட்டது மனிதர்தானே’ என்று தப்பும் வழியை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 டிசம்பர் 7 அன்று பெரிதும் அடைத்தது. ஷூஃபா என்ற ஜெர்மன் நிறுவனம் கணிக்கும் கடன் மதிப்பெண் தொடர்பான அந்த வழக்கில், வங்கி அந்த மதிப்பெண்ணையே பெரிதும் நம்பி முடிவெடுத்தால், மதிப்பெண் போடுவதே தானியங்கி முடிவாகும் என்று நீதிமன்றம் கூறியது. 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மக்களின் நடத்தைக்குப் புள்ளி போட்டு அநியாயமாக ஒதுக்குவதை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது.

உரிமை இருப்பது ஒன்று, அதைக் காலக்கெடுவுக்குள் பயன்படுத்துவது வேறு. திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதம் வந்தால் தொலைபேசியில் பேசுவது போதாது. எழுத்தில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்துடன் பதிவுத் தபாலில், மறுபரிசீலனை மனு போக வேண்டும். அதற்குப் பொதுவாக இரண்டு மாத அவகாசம் உண்டு. எந்த உதவி என்பதைப் பொறுத்து மனு போகும் இடம் மாறும். கடிதத்திலேயே அது அச்சிடப்பட்டிருக்கும். மேல்முறையீட்டு வழியும் காலமும் கடிதத்தில் இல்லையென்றால் அந்த இரண்டு மாதக் கெடு ஓடாது. ஆனால் 2016இல் கொன்செய் தெத்தா அளித்த தீர்ப்புக்குப் பின், ஓராண்டுக்கு மேல் காத்திருப்பது ஆபத்து. மனுவுக்கு இரண்டு மாதம் பதில் வராவிட்டால் மறுக்கப்பட்டதாகக் கொண்டு, அடுத்த இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றம் போகலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்கறிஞர் செலவை அரசே ஏற்கும். எர்எஸ்ஆ தொடர்பான மனு நிலுவையில் இருக்கும்வரை பணத்தைப் பிடித்துக்கொள்ளவும் கூடாது.

பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் மனுவை மட்டும் அனுப்பிவிட்டு, தாம் முறையிட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். தள்ளுபடி கேட்பது வேறு, கணக்கே தவறு என்று மறுப்பது வேறு. கணக்கில் ஐயம் இருந்தால் மறுப்பும் எழுதப்பட வேண்டும். அதே கடிதத்தில் அல்காரிதத்தின் பங்கு என்ன என்ற விளக்கத்தையும், தம்மைப் பற்றி வைத்திருக்கும் தரவுகளின் நகலையும் கேட்கலாம். தரவு நகலுக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் க்னில் ஆணையத்துக்குக் கட்டணமின்றி முறையிடலாம்.

உண்மையிலேயே பிழை தம் பக்கம் இருந்தாலும் பதறத் தேவையில்லை. 2018 ஆகஸ்ட் 10ஆம் தேதிச் சட்டப்படி, நல்லெண்ணத்தோடு முதல்முறை செய்த பிழைக்குத் தண்டம் இல்லை. கூடுதலாகப் பெற்ற தொகையைத் திருப்பினால் போதும்.

லாச்சப்பலின் வாழ்க்கையில் இயந்திரம் குறுக்கிடும் இடம் காஃப் மட்டுமல்ல. வதிவிட அட்டைக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆனெஃப் இணையத்தளம் வழியாகவே போகின்றன. தளம் ஏற்க மறுத்தால் விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியும் இல்லை. அட்டை காலாவதியானால் வேலையும் போகக்கூடும். இணையத்தில் சமர்ப்பிக்க முடியாதவர்களுக்கு மாற்று வழி தர வேண்டும் என்று கொன்செய் தெத்தா 2022 ஜூன் 3 அன்று தீர்ப்பளித்தது. ஆகவே தளத்தில் பிழைச் செய்தி வந்தால், தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படம்பிடித்து வைத்து, அதோடு மாவட்ட நிர்வாக அலுவலகமான ப்ரெஃபெக்சருக்கு எழுத வேண்டும். பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு உயர்கல்விச் சேர்க்கைத் தளமான பார்கூர்சுப்: இடம் மறுத்த கல்வி நிறுவனத்திடம், மறுப்பு வந்த ஒரு மாதத்துக்குள் காரணம் கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு.

வேலைத்தலத்தில் தொழிலாளருக்குத் தெரிவிக்காமல் கண்காணிப்புக் கருவி வைக்கக் கூடாது. கிடங்கு ஊழியர்களின் ஒவ்வொரு இடைவெளியையும் ஸ்கேனர் வழியாக அளந்ததற்காக அமேசானின் பிரெஞ்சுக் கிடங்கு நிறுவனத்துக்கு க்னில் 3 கோடியே 20 லட்சம் யூரோ தண்டம் விதித்தது 2023 டிசம்பரில்.

2024 ஒலிம்பிக்கையொட்டி பாரிஸ் ரயில், மெட்ரோ நிலையங்களின் கேமராக்களில் செயற்கை நுண்ணறிவு சோதிக்கப்பட்டது. 2023 மே 19ஆம் தேதிச் சட்டம் முக அடையாளம் காண்பதற்கு இடம் தரவில்லை. கைவிடப்பட்ட பை, கூட்ட நெரிசல், விழுந்து கிடப்பவர் போன்ற எட்டு நிகழ்வுகளை மட்டும் தேட அது அனுமதித்தது. இந்தச் சோதனையை மதிப்பிட்ட குழுவின் அறிக்கைப்படி, ரயில் நிறுவனமான எஸ்என்சிஎஃப்பின் நிலையங்களில் கைவிடப்பட்ட பொருள் பற்றி வந்த 270 எச்சரிக்கைகளில் 21 மட்டுமே பயன்பட்டன. இயந்திரம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைக்கலாம்.

மக்களும் தம் பக்கம் மாறி வருகிறார்கள். பிரெஞ்சுக் கடிதத்தைக் கைபேசியில் படம்பிடித்து உரையாடல் செயலியிடம் மொழிபெயர்க்கக் கேட்பது வீடுகளில் வழக்கமாகி வருகிறது. கடிதத்தின் சாரத்தை அறிய அது உதவும். ஒரு காலத்தில் இதற்கே பிள்ளை பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் தேதி, தொகை, முறையிடும் இடம் ஆகிய மூன்றையும் செயலியின் வார்த்தையில் ஏற்கக் கூடாது; மூலக் கடிதத்தில் பார்க்க வேண்டும். செயலி பிழையாகச் சொன்னதால் காலக்கெடு தவறியது என்பதை எந்த நீதிமன்றமும் காரணமாக ஏற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தஞ்சக் கோரிக்கையின் வாக்குமூலத்தையும் ஓஃப்ப்ரா ஆவணங்களையும் இத்தகைய செயலிகளில் ஏற்றவே கூடாது. அவற்றில் ஊரிலுள்ள உறவினரின் பெயர்களும் இருக்கும். அவை எங்கே சேமிக்கப்படும் என்பது ஏற்றுபவரின் கையில் இல்லை.

மாற வேண்டியது மக்கள் மட்டுமே என்று விட்டுவிட முடியாது. மொழி தெரியாதவர், வயதானவர், இரண்டு வேலை பார்ப்பவர் ஆகியோரிடம் ‘இணையத்தில் பாருங்கள்’ என்று சொல்வதோடு ஓர் அலுவலகத்தின் கடமை முடியாது. உரிமைக் காப்பாளர் நிறுவனம் ஆனெஃப் தளத்தால் நேரும் உரிமை மீறல்களை 2024 டிசம்பர் அறிக்கையில் கடுமையாகச் சுட்டியது. அந்நிறுவனத்தின் பிரதிநிதிகள் நேரில் சந்தித்து முறைப்பாட்டைக் கேட்பார்கள், கட்டணம் இல்லை, தொலைபேசி எண் 09 69 39 00 00. இலவசச் சட்ட ஆலோசனை எங்கே கிடைக்கும் என்பதை 3039 என்ற எண்ணில் கேட்டறியலாம். உரிமைக் காப்பாளரிடம் முறையிட்டாலும் நீதிமன்றக் காலக்கெடு நிற்காது. ஆகவே இரண்டு மாத மனுவை அனுப்பிவிட்டே அங்கே செல்ல வேண்டும்.