மின்கித்தாரும் காலடிப் பெட்டியும்

மேடையில் மின்கித்தார் வாசிப்பவரைப் பார்க்கும்போது எல்லாரும் அவருடைய விரல்களையே பார்ப்பார்கள். அடுத்த முறை அவருடைய காலைப் பாருங்கள். தரையில் தட்டையான ஒரு பெட்டி கிடக்கும்; அதில் சில பொத்தான்கள் இருக்கும். ஒரு பொத்தானை மிதித்ததும், அதுவரை மணிமணியாக ஒலித்துக்கொண்டிருந்த கித்தார் கரகரவென்று உறுமத் தொடங்கும். இன்னொன்றை மிதித்தால் மலைக்குகையில் வாசிப்பதைப் போல எதிரொலி பின்தொடரும். மற்றொன்றை மிதித்தால் ஒரே கித்தார், நான்கு பேர் சேர்ந்து வாசிப்பதுபோலத் தடித்து ஒலிக்கும்.

இந்தப் பெட்டிக்கு மல்டி எஃபெக்ட்ஸ் புராசசர் என்று பெயர். நாம் சுருக்கமாக விளைவுப் பெட்டி என்று சொல்லிக்கொள்வோம். இசைக்குழு தொடங்கும் ஆசை வந்துவிட்ட மாணவருக்கு, கித்தாருக்கு அடுத்தபடியாக வரும் பெரிய செலவு இதுதான். பல மாதம் சேர்த்த பணம் ஒரே நாளில் கடைக்காரர் கைக்குப் போகும். அட்டையின் மேல் ‘100 விளைவுகள்’, ‘200 ஒலிகள்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். எண் பெரிதாக இருந்தால் பெட்டியும் உயர்ந்தது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் கடைசியாகப் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான். முதலில் பார்க்க வேண்டியவை எவை? பெட்டிக்குள் நடப்பது என்னவென்று தெரிந்துகொண்டால் விடை தானே விளங்கும்.

கம்பி தரும் மின்சாரம்

மின்கித்தாரின் கம்பிகள் எஃகாலானவை. அவற்றின் அடியில் பிக்கப் எனப்படும் உறுப்பு இருக்கிறது. நிலைக்காந்தங்களைச் சுற்றி, தலைமயிர் அளவே பருமனுள்ள செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றியிருப்பார்கள், அவ்வளவுதான் பிக்கப். காந்தத்தின் அருகில் இருப்பதால் எஃகுக் கம்பியும் காந்தத் தன்மை பெறுகிறது. அது அதிரும்போது, சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் கூடுவதும் குறைவதுமாக இருக்கும். உடனே சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. உங்கள் பௌதிகப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மிகத் தடித்த கம்பியை அப்படியே மீட்டினால் நொடிக்கு ஏறத்தாழ 82 அதிர்வுகள். மிக மெல்லிய கம்பியில் 330. மின்னழுத்தமும் அதே எண்ணிக்கையில் ஏறி இறங்கும். (மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசை வாசித்த ஐந்து கம்பி மின்மாண்டலினும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.)

பிக்கப் தரும் மின்னழுத்தம் மிகச் சிறிது. பெரும்பாலும் சில நூறு மில்லிவோல்ட்டுக்குள் அடங்கிவிடும். அதைப் பெறும் பெட்டி எப்படிப்பட்டது என்பது இங்கே முக்கியமாகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிக்கப்பின் தன்மின்தூண்டல் 3 ஹென்றி, மின்தடை 7,000 ஓம் என்று கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அந்தச் சுருள் காட்டும் மறுப்பு சுமார் 1,900 ஓம். 5,000 ஹெர்ட்ஸிலோ அது 94,000 ஓமுக்கு எகிறிவிடுகிறது! இந்தப் பிக்கப்பை 10,000 ஓம் உள்ள சாதாரண ஒலிப்பதிவு உள்ளீட்டில் சொருகினால், கனத்த ஒலியில் பாதிக்கு மேல் உள்ளே போகும். கூர்மையான ஒலியில் பத்தில் ஒரு பங்குதான் போகும். கித்தார் போர்வைக்குள்ளிருந்து முனகுவதுபோல் கேட்பது இதனால்தான். உள்ளீட்டின் மறுப்பு 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகாஓம், இருந்தால் இரண்டும் ஏறக்குறையக் குறையாமல் போய்ச் சேரும். ஆகவே பெட்டியோடு வரும் விவரத்தாளில் ‘உள்ளீடு: 1 மெகாஓம்’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். நூறு விளைவுகளைவிட அந்த ஒரு வரி மேலானது.

பழுதில் பிறந்த உறுமல்

கித்தாரின் உறுமல் ஓசைக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் பாட்டு ஒன்றை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கிரேடி மார்ட்டின் என்பவர் ஆறு கம்பி பேஸ் கித்தார் வாசித்தார். ஒலிக்கலவை மேசையில் ஏதோ பழுது. அவருடைய வாசிப்பு மட்டும் வண்டு குடைவதுபோல் இரைந்தது. அழித்துவிட்டு மறுபடியும் பதிந்திருக்கலாம். ஆனால் அப்படியே விட்டுவிட்டார்கள். 1961-இல் பாட்டு வெளிவந்து புகழ்பெற்றது. ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை ஆராய்ந்து, டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டுமென்றே அதே இரைச்சலை உண்டாக்கும் சுற்று ஒன்றை அமைத்தார். கிப்சன் நிறுவனம் 1962-இல் அதைக் காலால் மிதிக்கும் ஆப்பு வடிவப் பெட்டியாக, மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் ‘சாட்டிஸ்ஃபாக்ஷன்’ பாட்டில் அது ஒலித்த பிறகு உலகமெங்கும் தெரியவந்தது.

பழுது செய்த வேலை என்ன? எந்தப் பெருக்கிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் பெருக்கச் சொன்னால், அலையின் மேடும் பள்ளமும் கத்தரியால் வெட்டியதுபோல் தட்டையாகிவிடும். வட்டமாக இருந்த அலை சதுரமாகும்போது, அடிப்படை அதிர்வெண்ணின் 3, 5, 7 மடங்குகளில் புதிய மேற்சுரங்கள் தோன்றுகின்றன. நம் காது அவற்றைத்தான் உறுமலாக உணர்கிறது.

எதிரொலிக்கும் ஒரு காலத்தில் தனிக் கருவி தேவைப்பட்டது. காந்த நாடாவில் ஒலியைப் பதிந்து, சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு தலையால் அதைப் படிப்பார்கள். பிறகு 1969-இல் நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் ‘வாளி வரிசை’ என்னும் சில்லை உருவாக்கினார்கள். தீப்பிடித்த வீட்டுக்குக் கிணற்றிலிருந்து வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்கள் அல்லவா? அதைப்போலவே வரிசையாக நிற்கும் மின்தேக்கிகள் மின்னூட்டத்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றுகின்றன. 4,096 வாளிகள் இருந்தாலும் தாமதம் 0.2 நொடிதான், அதற்கு மேல் இழுத்தால் ஒலி மங்கிவிடும்.

இப்படி ஒவ்வொரு விளைவுக்கும் ஒவ்வொரு பெட்டி. பத்து வேண்டுமானால் பத்துப் பெட்டி, அவற்றை இணைக்கப் பதினொரு கம்பி. பலவற்றை ஒரே உறைக்குள் அடைக்கும் முயற்சிகள் அதன்பின் வந்தன. போஸ் நிறுவனத்தின் எம்.இ.-5 வந்தது 1988-இல். இலக்கமுறைச் சில்லுகள் வலுப்பெற்றதும் வால்வுப் பெருக்கிகளையே கணக்கால் போலச் செய்யும் கருவிகள் வந்தன. 1998-இல் வெளிவந்த லைன் 6 நிறுவனத்தின் பாட் அவற்றுள் பெயர்பெற்றது.

எண்களாக மாறும் நாதம்

இன்றைய பெட்டிக்குள் நாடாவும் இல்லை, வாளியும் இல்லை. உள்ளே நுழையும் மின்னழுத்தத்தை நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. பிறகு எல்லாம் கூட்டலும் பெருக்கலும்தான். எதிரொலி வேண்டுமா? ஒரு நொடிக்கு முந்திய எண்ணை நினைவகத்திலிருந்து எடுத்து, இப்போதைய எண்ணோடு கூட்டினால் போதும். 24 இரும இலக்கங்களில் எழுதினால், ஒரு நொடி ஒலிக்கு 1,44,000 பைட்டு இடம் போதும். இன்றைய நினைவகங்களுக்கு இது பொருட்டே இல்லை. ஆகையால் ‘இத்தனை நொடி எதிரொலி’ என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். மலிவான பெட்டியும் எதிரொலியை நன்றாகவே செய்யும்.

கடினமானது உறுமல். இதில்தான் பெட்டிக்குப் பெட்டி தரம் மாறுகிறது.

நொடிக்கு 48,000 முறை அளந்தால், அதில் பாதி, அதாவது 24,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைத்தான் சரியாகக் குறிக்க முடியும். கித்தார் அதைத் தாண்டாதே என்பீர்கள். கித்தார் தாண்டாது, ஆனால் கணக்கால் அலையை வெட்டும்போது பிறக்கும் மேற்சுரங்கள் தாண்டும். மெல்லிய கம்பியில் 24-ஆம் கட்டையில் வாசித்தால் 1,318 ஹெர்ட்ஸ். அதன் 35-ஆம் மடங்கு 46,130. எல்லைக்கு வெளியே போன இந்த ஒலி மறைந்துவிடுவதில்லை. 48,000-இலிருந்து கழித்தால் வரும் 1,870 ஹெர்ட்ஸாக மாறுவேடத்தில் திரும்பி வருகிறது. 1,318-க்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவே, எந்தச் சுருதியிலும் சேராத ஒரு கள்ளச்சுரம்! சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிகிறதே, அதன் செவிவழி உடன்பிறப்பு இது.

வேடிக்கையைக் கேளுங்கள். கம்பியை விரலால் சற்று இழுத்து, சுரத்தை 1,330 ஹெர்ட்ஸுக்கு உயர்த்துவதாக வைத்துக்கொள்வோம். 35 மடங்கு 46,550. கள்ளச்சுரம் 1,450-க்கு இறங்கிவிடும். சுரம் ஏற ஏறக் கள்ளச்சுரம் இறங்குகிறது! நல்ல பெட்டிகள் வெட்டுவதற்கு முன் மாதிரிகளின் எண்ணிக்கையை நான்கு, எட்டு மடங்காகப் பெருக்கிக்கொண்டு, வெட்டிய பின் வடிகட்டிக் குறைக்கின்றன. அதற்கு வேகமான சில்லு வேண்டும். விலை வேறுபாட்டின் ஒரு பகுதி இங்கேதான் இருக்கிறது.

கடையில் இதை நீங்களே சோதிக்கலாம். உறுமலை மிக அதிகமாக வையுங்கள். எதிரொலி முதலான மற்றெல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை குறையை மூடி மறைப்பவை. மெல்லிய கம்பியின் உச்சக் கட்டைகளில் ஒரு சுரத்தை வாசித்து, மெதுவாக இழுங்கள். சுரம் மேலே போகும்போது அடியில் ஏதாவது கீச்சென்று கீழே வழுக்குகிறதா என்று கேளுங்கள். வழுக்கினால் அந்தப் பெட்டியை மேசையிலேயே வைத்துவிடலாம்.

அளப்பதற்கும் கணக்கிடுவதற்கும் நேரம் பிடிக்குமே, வாசிப்பு பிந்தாதா? பிந்தும். நல்ல பெட்டிகளில் அது சில மில்லிநொடிகள்தான். ஒலி ஒரு மில்லிநொடியில் 34 சென்டிமீட்டர் செல்லும். 3 மில்லிநொடித் தாமதம், ஒலிபெருக்கியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். யாரும் உணர மாட்டார்கள். கம்பியில்லா புளூடூத் காதணியில் கேட்பது வேறு கதை. பெரும்பாலானவற்றில் 100 மில்லிநொடிக்கு மேல் பிந்தும். 34 மீட்டருக்கு அப்பால் உள்ள கித்தாரைக் கேட்டுக்கொண்டு வாசிப்பதற்கு ஒப்பாகும். தாளம் நிற்காது. கம்பியுள்ள ஹெட்ஃபோனே வேண்டும்.

எங்கே சொருகப் போகிறீர்கள்?

கடைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்கள் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. கித்தாருக்கென்று செய்த ஒலிபெருக்கி 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெகுவாகக் குறைத்துவிடும். சாதாரண ஸ்பீக்கருக்கு அது குறை. உறுமலின் முரட்டுத்தனத்தைச் சீவிவிடுவதால் கித்தாருக்கு அதுவே அழகு. ஹெட்ஃபோனிலோ, மேடையின் பொது ஒலிபெருக்கியிலோ அந்தச் சீவுதல் இல்லை. நேராகச் சொருகினால் தேனீக் கூட்டத்தைத் தகரடப்பாவில் அடைத்ததுபோல் கேட்கும். ஆகவே ஒலிபெருக்கிப் பெட்டியைப் போலச் செய்யும் வசதி (கேபினட் சிமுலேஷன் என்பார்கள்) கட்டாயம் வேண்டும். கித்தார் ஆம்ப்ளிஃபயரில் சொருகும்போது அதை அணைத்துவிட வேண்டும். இரண்டு முறை சீவினால் ஒலி மழுங்கிவிடும். வீட்டில் ஹெட்ஃபோனில் மட்டும் பழகுபவருக்கு இந்த வசதியின் தரமே எல்லாம். வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயர் ஏற்கெனவே இருக்கிறதென்றால், பல்விளைவுப் பெட்டியே வேண்டாம்; உறுமலுக்கு ஒன்று, எதிரொலிக்கு ஒன்று என்று இரண்டு சிறு பெடல்கள் போதும் என்பது என் கருத்து.

மேடை ஏறுபவர் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். ஒரு சுரக்கூட்டை நீள ஒலிக்கவிட்டு, நடுவே பொத்தானை மிதித்து வேறு ஒலிக்கு மாறிப் பாருங்கள். சில பெட்டிகள் மாறும் கணத்தில் ஊமையாகிவிடும். பாட்டின் நடுவில் அந்த இடைவெளி பளிச்சென்று தெரியும். பொத்தான்கள் ஒரு காலணி அகலமாவது தள்ளித்தள்ளி இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். ஒன்றை மிதிக்கப்போய் இரண்டை மிதிப்பது சாதாரணம்.

மின்வழங்கி விஷயத்தில் கவனம் தேவை. கித்தார் பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குபவை. சொருகியின் நடுமுனை எதிர்மின். வீட்டிலுள்ள வேறு பல அடாப்டர்களில் நடுமுனை நேர்மின்னாக இருக்கும். மாற்றிச் சொருகினால் பெட்டி கெட்டுப்போகலாம். பழைய ரகச் சிறு பெடல் ஒன்றுக்குப் பத்து இருபது மில்லிஆம்பியர் போதும். இலக்கமுறைப் பெட்டிக்கோ பல நூறு மில்லிஆம்பியர் வேண்டும். பெட்டியின் பின்புறத்தில் உள்ள சிறு படத்தையும் எண்ணையும் அடாப்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே சொருகுங்கள்.

இனி காது. உறுமல் ஒலி எவ்வளவு உரக்க வைத்தாலும் போதாது போலவே தோன்றும். 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம்வரை தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலுக்குக் கணக்குப் போடுங்கள்: 15 நிமிடம்தான் வரும். இரண்டு பாட்டு வாசித்துப் பழகும் நேரம்கூட இல்லை. ஹெட்ஃபோனை மாட்டுமுன் ஒலியளவுக் குமிழைச் சுழியத்தில் வைத்து, வாசித்துக்கொண்டே மெல்ல ஏற்றுங்கள். உறுமலுக்கு மாறும்போது முதலில் அதைக் குறைத்துவிட்டுப் பிறகு மிதியுங்கள்.