நின்றுபோன பாரிஸ் விமானம் ஒன்பது ஆண்டுக்குப் பின் திரும்பியது ஏன்? நீண்ட தூரத் தடங்கள் முடிவாகும் கணக்கு

கோலாலம்பூரிலிருந்து பாரிசுக்கு நேரடியாகப் பறந்துகொண்டிருந்த மலேசியா ஏர்லைன்ஸ், 2016 ஜனவரியில் அந்தச் சேவையை நிறுத்தியது. அதே மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் சேவையும் நின்றது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச்சில் பாரிஸ் விமானம் மட்டும் திரும்பி வந்தது. இடையில் லண்டன் சேவையோ ஒருபோதும் கைவிடப்படவில்லை.

பிள்ளைகளை ஐரோப்பாவில் படிக்க வைத்திருக்கும் குடும்பங்கள் பல. "நம் நாட்டு விமானம் ஏன் அங்கே நேராகப் போவதில்லை? துபாயிலும் டோஹாவிலும் இறங்கி ஏற வேண்டியிருக்கிறதே" என்ற கேள்வி அவர்களிடம் அடிக்கடி எழுகிறது. தேசிய விமான நிறுவனத்தின் உரிமையாளர் கஸானா நேஷனல். அதில் போடப்படுவது மக்கள் பணம். ஆகவே எந்தத் தடத்தில் பறப்பது என்ற முடிவு, விமானமே ஏறாதவர்களையும் தொடும் விஷயம்.

கூட்டம் இருந்தால் போதாதா?

தீபாவளிக்கு முந்தின நாள் கோலாலம்பூரிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குப் புறப்படும் விரைவுப் பேருந்தில் ஓர் இருக்கைகூடக் கிடைக்காது. அதே பேருந்து அன்றிரவு தலைநகருக்குத் திரும்பும்போது பாதி காலியாக வரும். பேருந்து முதலாளிக்கு இரண்டு பயணத்துக்கும் டீசல் செலவு ஒன்றுதான்.

நீண்ட தூர விமானத்திலும் இதே கதைதான். அங்கே தொகை மட்டும் பெரியது. பள்ளி விடுமுறையில் நிரம்பும் விமானம் மற்ற மாதங்களில் எப்படிப் போகிறது? போகும்போது நிரம்புவது வரும்போதும் நிரம்புகிறதா? டிக்கெட் வாங்குபவர் என்ன விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்? ஒரு தடத்தைத் தொடங்குவதற்கு முன் நிறுவனங்கள் கேட்கும் கேள்விகள் இவை.

இதற்கான தகவல் முன்பதிவு விவரங்களிலிருந்து கிடைக்கிறது. கோலாலம்பூரில் ஏறி, வேறு நாட்டில் விமானம் மாறி, பாரிசில் இறங்குபவர்கள் ஆண்டுக்கு எத்தனை பேர், எந்த வகுப்பில், எந்த மாதத்தில், என்ன விலையில் என்பதையெல்லாம் திட்டமிடும் பிரிவு அலசுகிறது. நேரடிச் சேவை வந்தால் அவர்களில் எத்தனை பேர் மாறி வருவார்கள் என்று கணிப்பது அடுத்த வேலை.

ஒரு தினசரிச் சேவைக்கு இரண்டு விமானங்கள்

கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குப் பறக்க சுமார் 14 மணி நேரம் ஆகும். அங்கே துப்புரவு, எரிபொருள், சரக்கு ஏற்றுதல் முடிந்து திரும்பிவர மேலும் 13 மணி நேரம். காலையில் புறப்பட்ட விமானம் மறுநாள் அதே நேரத்துக்குள் தயாராக இருக்காது. அதனால் தினமும் ஒரு முறை பறக்க வேண்டுமென்றால் இரண்டு விமானங்களை ஒதுக்க வேண்டும்.

அதே விமானம் நான்கு மணி நேரத் தூரத்தில் உள்ள சென்னைக்குப் பறந்தால், லண்டன் போய்வரும் நேரத்துக்குள் குறைந்தது இரண்டு முறை போய்வந்துவிடும். நேரம் பொருந்தினால் மூன்று முறையும் முடியும். எனவே ஒரு நீண்ட தடத்தில் லாபம் வருகிறதா என்பதோடு நிறுவனங்கள் நிற்பதில்லை. அந்த விமானம் வேறெங்கும் பறந்தால் அதைவிட அதிகம் சம்பாதிக்குமா என்றும் பார்க்கின்றன.

செலவும் தூரத்தோடு கூடுகிறது. இரண்டு விமானிகள் போதாது. மூன்று அல்லது நான்கு பேர் முறை மாற்றி ஓட்ட வேண்டும். பணிக்குழுவினர் அங்கே ஹோட்டலில் தங்க வேண்டும். தூரம் அதிகமானால் ஏற்றும் எரிபொருளும் அதிகம். அந்த எரிபொருளின் எடையைச் சுமப்பதற்கே இன்னும் எரிபொருள் செலவாகும். எரிபொருள், உதிரி பாகங்கள், விமானக் குத்தகை எல்லாம் அமெரிக்க டாலரில் கணக்காகின்றன. மலேசியப் பயணி டிக்கெட் வாங்குவதோ ரிங்கிட்டில். ரிங்கிட் மதிப்பு சரிந்தால், இருக்கைகள் நிரம்பிய விமானமும் நட்டத்தில் பறக்கலாம்.

முன் வரிசைகள் தாங்கும் சுமை

மலேசியா ஏர்லைன்சின் ஏ350 விமானத்தில் 286 இருக்கைகள். அவற்றில் முன்பகுதியின் உயர் வகுப்பு இருக்கைகள் 39 மட்டுமே. மீதி 247 சாதாரண வகுப்பு. ஒரு பேச்சுக்கு, உயர் வகுப்பு டிக்கெட் சாதாரண டிக்கெட்டைப்போல் நான்கு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த 39 பேர் கொடுக்கும் பணம் 156 சாதாரணப் பயணிகள் கொடுப்பதற்குச் சமம். அதாவது, ஏழில் ஒரு பங்குகூட இல்லாத பயணிகளிடமிருந்து மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு வந்துவிடுகிறது.

இதனால்தான் வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் குவிந்திருக்கும் நகரங்களுக்கு முன்னுரிமை கிடைக்கிறது. சுற்றுலாப் பயணி மலிவு விலை வரும்வரை காத்திருப்பார். நாளை மறுநாள் கூட்டத்துக்குப் போக வேண்டிய அதிகாரி காத்திருக்க முடியாது.

இந்தக் கணக்கின் உச்சத்தைச் சிங்கப்பூரில் காணலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018ல் நியூயார்க் அருகிலுள்ள நுவார்க் நகருக்கு மீண்டும் தொடங்கிய நேரடிச் சேவையில் 161 இருக்கைகள் மட்டுமே. பிசினஸ் வகுப்பு 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண வகுப்பே கிடையாது.

பயணிகளின் காலடியில், விமானத்தின் வயிற்றுப் பகுதியில், இன்னொரு வருமானம் பறக்கிறது. பினாங்கின் மின்னணுப் பொருட்கள் போன்ற விலை உயர்ந்த சரக்கு அது. சில தடங்களை நட்டத்திலிருந்து காப்பாற்றுவது இந்தச் சரக்குதான்.

சரியான தடம், தவறான விமானம்

சிங்கப்பூர் – நுவார்க் சேவை முதலில் தொடங்கியது 2004ல். அன்று பறந்தது நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏ340-500. எரிபொருள் விலை ஏறியபோது அதை நிறைவாக ஓட்ட முடியவில்லை. 2013ல் சேவை நின்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து வந்தது இரண்டே இயந்திரங்கள் கொண்ட ஏ350-900ன் நெடுந்தூர வகை. 1,65,000 லிட்டர் எரிபொருளோடு 18 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடியது. நகரங்கள் அதே நகரங்கள்; விமானம் மாறியதும் தடம் உயிர்பெற்றது.

பாரிஸ் தடத்திலும் இதைப் பார்க்கலாம். 2013ல் மலேசியா ஏர்லைன்ஸ் அங்கே ஏ380 விமானத்தை விட்டது. இரண்டு மாடி, நான்கு இயந்திரங்கள், 494 இருக்கைகள். கோடை விடுமுறையில் அது நிரம்பலாம். பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் 494 பேரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. இருக்கையை நிரப்ப விலையைக் குறைக்க வேண்டும். 2025ல் அங்கே திரும்பியது 286 இருக்கைகள் கொண்ட ஏ350. நிரப்ப வேண்டிய இருக்கைகள் 208 குறைந்தன. இயந்திரங்கள் நான்கிலிருந்து இரண்டாயின.

அனுமதியும் நேரமும் வேண்டும்

விமானமும் பயணிகளும் இருந்தாலும் நினைத்த ஊருக்குப் பறந்துவிட முடியாது. 1944ல் உருவான சிகாகோ உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாட்டின் வான்வெளியும் அந்த நாட்டுக்கே சொந்தம். யார், எங்கே, வாரத்துக்கு எத்தனை முறை என்பதை இரு அரசாங்கங்கள் பேசி முடிவு செய்கின்றன. கோலாலம்பூர் – சிங்கப்பூர் தடத்தில் மலிவு விலை விமானங்கள் நுழைய 2008 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது இதற்கு நம் கண்முன் நடந்த உதாரணம். தமிழ்நாட்டுக்குக் கூடுதல் விமானம் கேட்கும்போதும் இந்திய, மலேசிய அரசாங்கங்கள் ஒப்புக்கொண்ட இருக்கை வரம்பு குறுக்கே நிற்கிறது. அதற்கு விமான நிறுவனம் மட்டும் பதில் சொல்ல முடியாது.

பாதுகாப்புத் தரமும் ஒரு கதவு. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2019ல் மலேசியாவைக் கீழ்நிலைக்கு இறக்கியது. 2022ல் பழைய நிலை திரும்பும்வரை மலேசிய நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியாத நிலை இருந்தது.

அடுத்தது தரையிறங்கும் நேரம். லண்டன் ஹீத்ரோவில் ஆண்டுக்கு 4,80,000 விமானப் போக்குவரத்துக்கு மேல் அனுமதி இல்லை. அங்கே கிடைத்த நேர ஒதுக்கீட்டைக் குறைந்தது 80 விழுக்காடு பயன்படுத்தாவிட்டால் அது பறிபோகும். 2016ல் ஒரே ஒரு ஜோடி காலை நேரத்துக்காக ஓமான் ஏர் 7 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்ததாக அப்போது செய்தி வெளியானது. லண்டனை விட்டுவிட்டால் திரும்பப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது இதிலிருந்து விளங்கும்.

துபாயோடு போட்டி

ஒரு நீண்ட தூர விமானத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அந்த இரு நகரங்களுக்கு இடையே மட்டும் பயணம் செய்பவர்கள் அல்லர். லண்டன் விமானத்தில் பினாங்கு, கோத்தா கினபாலு, சிட்னி, ஆக்லாந்துப் பயணிகளும் கோலாலம்பூரில் மாறி ஏறுகிறார்கள். இந்த மாறு பயணிகள் இல்லையென்றால் பல தடங்கள் நிலைக்காது.

இங்கேதான் வளைகுடா நிறுவனங்களுக்குச் சாதகம். ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவில் இருக்கும் துபாயும் டோஹாவும், மான்செஸ்டர் முதல் மிலான் வரை பல ஊர்களுக்கு ஒரே மாற்றத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அந்த ஒவ்வோர் ஊருக்கும் கோலாலம்பூரிலிருந்து தனி விமானம் விடுவது நடவாத காரியம். அதனால் போட்டியிட முடியாத இடத்தில் கூட்டு சேர்கிறார்கள். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் சேவைகள் நின்றபோது மலேசியா ஏர்லைன்ஸ் எமிரேட்சுடன் ஒப்பந்தம் செய்தது. 2022ல் டோஹாவுக்குச் சொந்த விமானம் விட்டு, அங்கிருந்து கத்தார் ஏர்வேஸ் மூலம் பயணிகளை அனுப்பத் தொடங்கியது.

ஆசைக்குக் கொடுத்த விலை

வரைபடத்தில் கொடி நாட்டும் ஆசையும் ஒரு காலத்தில் இருந்தது. ஸ்டாக்ஹோம் வழியாக நுவார்க், கேப்டவுன் வழியாக புவனோஸ் ஐரிஸ், தோக்கியோ வழியாக லாஸ் ஏஞ்சலஸ் என மாஸ் பறந்தது. 2009, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றாக நின்றன. 2009ல் லண்டனுக்கும் 2011ல் பாரிசுக்கும் மலிவு விலையில் பறந்த ஏர் ஆசியா எக்ஸ், எரிபொருள் விலையையும் ஐரோப்பிய வரிகளையும் காரணம் காட்டி 2012 மார்ச்சில் இரண்டையும் மூடியது.

மாஸ் 2011ல் மட்டும் சுமார் 250 கோடி ரிங்கிட் நட்டம் கண்டது. 2014ல் இரு பெரும் துயரங்களும் சேர்ந்தபின், கஸானா 600 கோடி ரிங்கிட் சீரமைப்புத் திட்டத்தை அறிவித்தது. ஏறக்குறைய 6,000 பேர் வேலை இழந்தார்கள். தடங்கள் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நட்டத் தடங்களைப் பெருமைக்காக நீட்டித்துக்கொண்டே போனால் அந்தப் பாரம் கடைசியில் ஊழியர்கள் தலையிலும் மக்கள் பணத்திலும்தான் விழும்.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

டிக்கெட்டில் மலேசியா ஏர்லைன்சின் எம்எச் எண் இருந்தாலும், பறப்பது கூட்டாளி நிறுவனத்தின் விமானமாக இருக்கலாம். பயணப் பெட்டியின் எடை வரம்பையும் சேவை விவரங்களையும் வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வழியில் மாறுவதாக இருந்தால், முழுப் பயணத்தையும் ஒரே முன்பதிவில் எடுப்பது பாதுகாப்பு. முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அப்போது நிறுவனத்தைச் சேரும். தனித்தனியாக வாங்கினால் அந்த நட்டம் பயணியுடையது.

நேரடி விமானம் விலை அதிகமாகத் தெரிந்தால், மாறு விமானத்தில் காத்திருக்கும் நேரத்தையும் செலவையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கலாம். முதல்முறையாகத் தனியே பயணம் செய்யும் பெற்றோருக்கு அந்தக் கூடுதல் பணம் தகும். புதிய தடம் நீடிப்பதும், விடுமுறைக் காலத்தில் மட்டுமல்லாமல் ஆண்டு முழுவதும் அதில் ஏற ஆள் இருப்பதைப் பொறுத்ததே.