காய்ச்சல் விட்டது, கண்ணைப் பார்த்தீர்களா?

காய்ச்சல் விட்டதும் நம் வீடுகளில் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் வரும். தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று என்றால் வியாதியின் கணக்கே தீர்ந்தது என்று நினைத்து விடுகிறோம். ஆனால் கணக்கில் ஒரு பாக்கி இருக்கக் கூடும். அது கண்ணில்!

1964-ல் சென்னையில் சிக்குன்குனியா பரவி, லட்சக்கணக்கானவர்களை மூட்டு வலியில் முடக்கிப் போட்டது. பிறகு நெடுங்காலம் ஓய்ந்திருந்து, 2006-ல் மறுபடியும் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. காய்ச்சல் கண்டு எழுந்தவர்களில் சிலர் பின்னர் பார்வை மங்குவதாக வந்தார்கள். அவர்களுக்குக் கண்ணில் அழற்சி இருந்ததை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் கண்டு, 2007-ல் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள்.

ஏன் கண்ணில்? விழித்திரையின் ரத்தக் குழாய்கள் மயிரிழை போன்றவை. டெங்குவில் அவற்றின் சுவர் நெகிழ்ந்து நீர் கசியும். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைவதால் துளித் துளியாக ரத்தமும் கசியும். கொரோனாவிலோ ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுவதுண்டு. 2020-ல் இத்தாலியின் மிலான் நகரத்து டாக்டர்கள் கொரோனா நோயாளிகளின் விழித்திரையைப் படமெடுத்து அளந்தார்கள். குழாய்கள் பருத்திருந்தன, நோய் கடுமையாக இருந்தவர்களுக்குச் சிரைகள் இன்னும் அதிகமாகப் பருத்திருந்தன. உடம்பைக் கீறாமல் ரத்தக் குழாயை நேரில் பார்க்கக் கூடிய இடம் கண். அந்தச் சௌகரியத்தை டாக்டர்கள் விடுவார்களா?

பயப்பட வேண்டாம். காய்ச்சல் கண்ட எல்லாருக்கும் இப்படி நேர்வதில்லை. நேர்ந்தவர்களிலும் பலருக்குப் பார்வை திரும்பிவிடுகிறது. ஆனால் இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று மூடி மறைத்துவிடும். நம் வீட்டு அக்கா தங்கைகளைப் போல! ஆகையால் சுவரில் மாட்டிய மாதக் காலண்டரின் முன் நின்று, கண்ணாடி போடுகிறவரானால் அதைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்திப் பாருங்கள். கட்டங்களின் கோடுகள் நெளிகின்றனவா? நடுவில் ஒரு தேதி காணவில்லையா? பிறகு மற்றக் கண். மாறுதல் தெரிந்தால், அல்லது கண் சிவந்து வலித்தால், அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும். விளக்கெண்ணெய், தாய்ப்பால், பக்கத்து வீட்டு மாமி கொடுத்த சொட்டு மருந்து இவை எதுவும் வேண்டாம். முக்கியமாக, ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தாமாக வாங்கி விட்டுக்கொள்ளவே கூடாது.

வடபழனிவாசிகளுக்கு ஒரு சௌகரியம். மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் எழும்பூர். 1819-ல் தோன்றிய அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாயிருக்கும், வெயில் கூசும். ஸ்கூட்டரில் போகாமல் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அன்று பிற்பகல் தொடர்கதையையும் அவரையே படித்துக் காட்டச் சொல்லலாம்.